விட்டுக்கொடுத்த வீடு

ஆங்கிலத்தில் எனக்குப் பிடிக்காத சொற்கள் சில உண்டு. அவற்றுள் முதலாவது கொம்பிரமைஸ். நான் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் அந்தச் சொல் பாடத்தில் வந்தால் கரும்பலகையில் எழுதுவேன், பொருளைச் சொல்லுவேன், மூச்சு விடாமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். வாக்கியம் அமைத்துக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டால், "புத்தகத்தில் இருக்கிறது, பார்" என்பேன். கோபக்கார ரீச்சர் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால் ஒருவரும் மேலே கேட்பதில்லை.

அந்தச் சொல்லை நான் படித்தது பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடத்தில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மண்டூருக்குக் கிட்டிய ஒரு ஊர் எங்களுடையது. அங்கிருந்து விடுதியில் தங்கி ஆங்கிலம் படிக்கப் போன முதற் பெண் நான்தான். விடுதியில் யன்னலோரக் கட்டில்களுக்கு எப்போதும் சண்டை. ஒருத்திக்குக் காற்று வேண்டும், அடுத்தவளுக்கு யன்னலைத் திறந்தால் பேய்ப் பயம். எங்கள் மிஸ்ஸி அந்தச் சண்டையையே பாடமாக்கினார். "யன்னலைப் பாதி திறந்து வையுங்கள். இவளும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறாள், அவளும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறாள். இதற்குத்தான் கொம்பிரமைஸ் என்று பெயர்" என்றார். நான் எழுந்து, "பாதி யன்னலால் நுளம்பும் பாதிதான் வருமா மிஸ்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. மணி அடிக்கும்வரை என்னை நிற்க வைத்தார்.

வாயாடினாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எங்கள் ஊரில் வழக்கென்று வந்தால் ஒருவர் வெல்லுவார், மற்றவர் தோற்பார், தோற்றவர் மூன்று தலைமுறைக்கு வென்றவர் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். இரண்டு பேரும் பாதி வென்று பாதி தோற்று, பிறகு கைகுலுக்கிக்கொண்டு போகலாம் என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. வெள்ளைக்காரர் இவ்வளவு பெரிய இராச்சியத்தை ஆளுவது இப்படிப்பட்ட சொற்களை வைத்துக்கொண்டுதான் என்றுகூட நினைத்தேன். சின்ன வயதுப் புத்தி.

பிற்காலத்தில் அந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஆங்கிலேயர் கொம்பிரமைஸுக்கு 'வந்து சேருவார்கள்', ஏதோ துறைக்கு வந்து சேருவதுபோல. வந்து சேர்ந்தாயிற்று என்பது தெரியும். யார் தோணி வலித்தது, யார் ஏறி உட்கார்ந்து வந்தது என்று அந்த வாக்கியம் சொல்லாது. தமிழில் அந்த வசதி இல்லை. விட்டுக்கொடுத்தார்கள் என்றால், யார் விட்டது, எதை விட்டது, யாருக்குக் கொடுத்தது என்று கேட்க உடனே நாலு பேர் வந்துவிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, ஒருவரை ஏமாற்ற நினைத்த படித்தவர்கள் அந்த நாளில் ஆங்கிலச் சொல்லையே எடுத்தார்கள்.

என் கதையைச் சொல்லுவதற்கு முன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்குப் போவான். தாயின் வீடு மூத்த மகளுக்கு. அவளுக்குக் கலியாணமானதும் தாய் தகப்பன் அதே வளவில் ஒதுங்கி, இளையவளுக்கு இன்னொரு வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். பெண் பிள்ளைகள் அதிகமான வளவில் கடைசியில் கோழிக்கூட்டுக்குக்கூட இடமிருக்காது என்று அப்பா பகிடி சொல்லுவார்.

எங்கள் வீட்டில் நானும் தங்கையும் மட்டும். அம்மாவின் ஓட்டு வீடு எனக்கென்பது ஒருவர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை, அது விடிந்தால் பகல் என்பதுபோல. தங்கைக்கு வளவின் மற்றப் பக்கத்தில் ஒரு வீடு எழும்பியது. அப்பாவுக்கு வெல்லாவெளிப் பக்கம் ஒரு வட்டையில், அதாவது பரந்த வயல்வெளியில், வயல் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு போகம் வெள்ளம் அந்த வட்டை முழுவதையும் அள்ளிக்கொண்டு போக, தங்கையின் வீடு யன்னல் மட்டத்துச் சுவரோடு நின்றுவிட்டது. அந்தச் சுவர்களுக்குள் அம்மா மிளகாய்க் கன்று வைத்தார். கன்று நன்றாகக் காய்த்தது.

எனக்கு மாப்பிள்ளையும் பிறந்தபோதே முடிவான மாதிரித்தான். அம்மாவின் தமையனுக்கு ஒரு மகன். உரிமை மச்சான். பட்டினத்துக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளறிக்கல் வேலை. வெள்ளைக் கோட்டும் மினுங்குகிற சப்பாத்துமாக ஊருக்கு வருவார், வாய் திறந்தால் தமிழுக்குள் ஆங்கிலம் தேங்காய்ப் பூப்போல விழும். ஊரில் மற்றவர்களுக்கு அது விளங்காது, எனக்கு மட்டும் விளங்கும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தனிக் கட்சி என்று நான் எண்ணியிருந்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இப்போது சொல்லுவதற்கு என்ன வெட்கம்? நிறையவே பிடித்திருந்தது.

சீனியர் சோதனை பாஸானதும் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பயிற்சி முடியும்வரை கலியாணம் கூடாது என்பது அங்கே சட்டம். வீட்டில் நெருப்புப் பற்றியது. மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "பொடியனுக்கு வயசு போகுது தங்கச்சி. வாற ஆவணிக்குள்ள முடிக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னிடம், "குமர்ப் புள்ளைக்கு இதுக்கு மேல என்ன படிப்பு கா? நீ படிச்சு ஆருக்கு விளங்கப்போகுது?" என்று கத்தினார். நான் சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா ஒரு பக்கமும் பேசாமல் வயலுக்குப் போய் வயலிலேயே தங்கிக்கொண்டார். எங்கள் அப்பாவுக்கு வயல்தான் ஒளிப்பிடம்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். நான் கிணற்றடியில் நின்றேன். கொஞ்சம் தள்ளி நின்று, சப்பாத்தில் சேறு படாமல் காலை வைத்துக்கொண்டு பேசினார்.

"மச்சாள், நாம ஒரு கொம்பிரமைஸுக்கு வருவம். நீ போய்ப் படி. நான் பொறுத்திரிக்கன். எங்கட அப்பாட வாய நான் அடைக்கிறன். ஆனா நீயும் ஒண்டு விட்டுக் குடுக்கணும்."

"என்னத்த?"

"தங்கச்சி பாவம். அவளுக்குப் படிப்பும் இல்ல, வீடும் இல்ல. ஓட்டு வீட்ட அவளுக்கு எழுதச் சொல்லுவம். பாதியில நிக்கிறத உன்ட அப்பா உனக்கு ஆறுதலாக் கட்டி முடிக்கட்டும். நீ ரீச்சரானா இரிக்கக் குவாட்டேஸ் குடுப்பாங்கதானே."

"வீடு இல்லாம உங்கட அம்மா விடுவாவா?"

அவர் சிரித்தார். "நான் கலியாணம் முடிக்கப் போறது உன்னையா வீட்டையா, சொல்லு பாப்பம்?"

அந்தக் கேள்வியில் நான் விழுந்துபோனேன். எனக்குப் படிப்பு, தங்கைக்கு வீடு, அம்மாவுக்கு நிம்மதி, அவர் என் பக்கத்தில். மிஸ்ஸி சொன்ன பாடம் அப்படியே என் கிணற்றடிக்கு வந்து நிற்பதுபோல இருந்தது. அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்து, "சரி மனே, உன்ட விருப்பம்" என்று முடித்துக்கொண்டார். நொத்தாரிசு வந்து வீட்டு உறுதிப் பத்திரம் எழுதினார். வீடு தங்கையுடையதாயிற்று. அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று ஊரில் வாய்க்கு வாய் சொல்லுவார்களே, அதை நான் அன்று முழுதாக நம்பினேன்.

பயிற்சிக் கல்லூரியில் முதல் சில மாதம் மச்சான் ஞாயிறுகளில் வந்து பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருப்பார். முறுக்கு கொண்டுவருவார். மேற்பார்வை மிஸ்ஸி எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்க, நாங்கள் வயல் விளைச்சலைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஆங்கிலத்தில் பேசுவோம். பிறகு வருவது குறைந்தது, பிறகு நின்றது. கச்சேரியில் வேலை கூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை வைத்துவிட்டவளுக்குச் சாட்டுச் சொல்லவா ஆள் தேவை? அவளே அவருக்காக ஆயிரம் சாட்டு உண்டாக்குவாள்.

கந்தசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டி விடுமுறை விட்டார்கள். நான் பெட்டியோடு வந்து வாவியைக் கடக்கப் பாதையில் ஏறினேன். பாதை என்றால் தோணிகளை இணைத்துப் பலகை அடித்த மிதவை. ஆட்கள், மாடு, வண்டி எல்லாம் அதில்தான். எங்கள் ஊருக்குக் கருவாடு கொண்டுவந்து விற்கும் பெண் ஒருத்தி கடகத்தோடு பக்கத்தில் குந்தியிருந்தாள். என்னைக் கண்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன புள்ள, தங்கச்சிட கலியாணத்துக்கு வாறியா?"

"எந்தக் கலியாணம்?"

"இதென்ன கத? பந்தலுக்குக் கால் நட்டாச்சு. திருவிழா முடியக் கலியாணம். எனக்கும் சொல்லியிரிக்கு."

தங்கைக்கு வரன் வந்து, எனக்குச் சொல்ல நேரமில்லாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். சந்தோசமாகத்தான் கேட்டேன். "மாப்பிள்ள எந்த ஊர்?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஏன் கா, உங்கட மச்சான்தானே. கச்சேரியில இரிக்கிறவர். வீடு இரிக்கிற இடத்துக்குத்தானே மாப்பிள்ள போவார்." பிறகு என் முகத்தில் எதைக் கண்டாளோ, கடகத்தின் மூடியைத் திறந்து கருவாட்டை அடுக்கத் தொடங்கினாள். பாதைக்காரர் கம்பை ஊன்றித் தள்ளினார். கரை வரும்வரை நான் பெட்டியின் பிடியை விடவில்லை. கை கன்றிப்போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கருவாட்டுக்காரி சொன்னது பொய்யல்ல. முற்றத்தில் பந்தற் கால்கள் நின்றன. ஒருவரும் ஒளிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டு, "வந்த களையோட நிக்காத, முகத்தக் கழுவு. மறுகா கதைப்பம்" என்றார். மாமா மட்டும் எனக்கு விளக்கம் சொல்ல வந்தார். அவர் குரலில் குற்றம் என்று ஒரு தூசிகூட இல்லை.

"மாப்பிள்ள வீட்டோட சேந்தது மக. வீடு ஆருக்கோ மாப்பிள்ளையும் அவளுக்கு. நீ வீட்ட வேணாமெண்டு சொல்லக்குள்ளயே ஊருக்கெல்லாம் விளங்கிற்று. உனக்கு விளங்கல்லியா? படிச்ச புள்ள."

எனக்கு விளங்கவில்லைதான். வீடு வேறு, மனிதன் வேறு என்று நான் நினைத்திருந்தேன். ஒன்றைக் கொடுத்து மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் ஊரில் அவை இரண்டும் ஒன்று. வீட்டை விட்டுக்கொடுத்த அன்றே நான் மாப்பிள்ளையையும் பந்தியில் பரிமாறிவிட்டேன். கருவாடு விற்கிறவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே விடுதியில் கிடந்து வெள்ளைக்காரரின் சொற்களைப் பொறுக்கினேனே தவிர, என் ஊரின் மனத்தைப் படிக்கவில்லை. ஆனால் மச்சான் அதைப் படித்திருந்தார். தெரிந்துதான் கிணற்றடிக்கு வந்தார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைச் சப்பாத்தில் சேறு படாமல் செய்தார்.

அவரை நான் சும்மா விடவில்லை. அடுத்த நாள் பகல் பந்தல் வேயத் தென்னோலைக் கிடுகு வந்த வண்டியோடு வந்தார். எல்லார் முன்னிலையிலும் போய் நின்று, "கொம்பிரமைஸ் எண்டீங்களே மச்சான். ரெண்டு பக்கமும் விட்டுக் குடுக்கிற எண்டீங்களே. நான் வீட்டக் குடுத்தன். நீங்க என்னத்தக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. தலையைக் கீழே போட்டுக்கொண்டு, உண்மையாகவே மனம் நொந்தவர் போல, "நானும் விட்டுத்தானே குடுத்திரிக்கன், மச்சாள்" என்றார்.

"என்னத்த?"

"உன்ன."

அதற்கு நான் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. எனக்கு அவர் முகத்தில் காறித் துப்பலாம்போல இருந்தது. கிடுகு இறக்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். துப்பியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பாவைத் தேடி வயலுக்குப் போனேன். அவர் வரம்பில் இருந்தார். "உங்களுக்குத் தெரியுமா அப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம் மனே" என்றார். "வீடு ரெண்டு கட்ட என்னால ஏலாமப் போச்சு. உனக்குப் படிப்பத் தந்தன், அவளுக்கு வீட்டத் தந்தன். சரிக்குச் சரி எண்டு மனசத் தேத்தினன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே."

"சொன்னா நீ படிக்கப் போயிரிக்க மாட்டாய்."

அது அன்பா, தந்திரமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். அவருடைய கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நான் வரம்பிலேயே இருந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. தங்கை. நான் வந்த நாள் தொடக்கம் அவள் என் கண்ணில் படாமல் அறைக்குள்ளேயே இருந்தாள். அவளையும் என்னைப்போல ஒரு பொம்மையாக வைத்து ஆட்டியிருக்கிறார்கள், அவளும் வெட்கத்தில் வேகிறாள் என்று நம்பினேன். அம்மா பெறாத பிள்ளைபோல என்னைத் தள்ளினாலும், மச்சான் ஏமாற்றினாலும், அந்த வீட்டில் எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்ற எண்ணம்தான் என்னை அன்று அங்கே நிறுத்திவைத்தது. அவளுக்காகவாவது வாயை மூடிக்கொண்டு கலியாணத்துக்கு நிற்கலாம் என்று முடிவெடுத்தேன். பட்டினத்திலிருந்து கொண்டுவந்த பட்டுச் சேலை ஒன்று என் பெட்டியில் இருந்தது. என் கலியாணத்துக்கென்று எடுத்தது. அதை அவளுக்குக் கூறைக்குப் பிறகு மாற்றி உடுக்கக் கொடுப்பது என்று எண்ணினேன்.

கலியாணத்தன்று காலை அவளுக்குக் கொண்டை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஊரில் எவருக்கும் பட்டினத்துக் கொண்டை போடத் தெரியாது. அறைக்குள் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். அவள் பாயில் இருந்தாள், நான் பின்னால் முழங்காலில் நின்று தலை வாரினேன். வெளியே மேளகாரர் வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. நான் குனிந்து அவள் காதுக்குள் சொன்னேன்.

"நீ மனசு நோகாத. உன்னில எனக்கு ஒரு கோவமும் இல்ல. உன்னையும் ஏமாத்தித்தானே இதுக்குள்ள தள்ளினவங்க."

அவள் மடியில் கிடந்த பூவை எடுத்துப் பாயில் வைத்தாள்.

"என்ன ஒருத்தரும் ஏமாத்தல்ல அக்கா" என்றாள். "வீட்டக் கேக்கச் சொல்லி மச்சான உன்னட்ட அனுப்பினது நான்தான்."

சீப்பு என் கையிலேயே நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல், சாதாரணமாக, அடுப்படிக் கதை சொல்லுவதுபோலச் சொன்னாள்.

"உனக்குப் பட்டினம் இரிக்கு. பள்ளிக்கூடம் இரிக்கு. எனக்கு இந்த வளவ விட்டா என்ன இரிக்கு? நீ விடுதியில இரிந்த காலமெல்லாம் அவர் வந்தா சோறு போட்டது நான். நேராக் கேட்டா நீ தரமாட்டாய். அவர் வந்து அந்த இங்கிலீசுச் சொல்லச் சொன்னா நீ மறுக்க மாட்டாயெண்டு எனக்குத் தெரியும். அந்தச் சொல்லத்தான் சொல்லணுமெண்டு நான்தான் சொல்லிக் குடுத்தன். லீவில வரக்குள்ள எத்தின தரம் நீ எனக்கு அதச் சொல்லித் தந்திரிக்காய்."

நான் கொண்டையைப் போட்டு முடித்தேன். பாதியில் விட மனம் வரவில்லை. பூவைச் சுற்றி, ஊசிகளைக் குத்தி, கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். அவள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "வடிவா இரிக்கு அக்கா" என்றாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால், மிளகாய்க் கன்றுகளுக்கிடையால் வெளியே வந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. எல்லாரும் மாப்பிள்ளையை வரவேற்க முன்பக்கம் போயிருந்தார்கள். துறையில் பாதை இல்லை, அக்கரைக்கு, எழுவான்கரைப் பக்கம் போயிருந்தது. வெயிலில் நின்று காத்திருந்தேன். கெட்டிமேளம் அங்கே வரைக்கும் கேட்டது. பாதை திரும்பி வந்து, மாடுகள் இறங்கி, நான் ஏறி, அது மறுபடி கரையை விட்டுத் தள்ளும்வரை எங்கள் வீட்டுப் பக்கத்து ஒழுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு ஒரு பிள்ளையாவது ஓடிவரும் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை.